பிலிப்புக்கு ரத்தம் எடுக்கப் போனேன்

நரம்பியல் ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த முதல் நாளே என்னை ஒரு வம்சப் படம் வரையச் சொன்னார்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. நான் வரைந்ததைப் பார்த்த டாக்டரம்மா, "இதுல பேத்தி தாத்தாவப் பெத்திருக்காங்களே, எப்படி?" என்று கேட்டார். அதற்கு முன் லேபில் ரத்தம் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனாலும் இதைப் படித்து வையுங்கள்.

1. அண்ணனுக்கு வந்தது

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். பாரீசில் குடியேறிய எங்கள் ஊர்க்காரர் அந்துவானுக்கு ஐம்பது வயதுக்குள் இரண்டு முறை பக்கவாதம். பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை. அங்கே ஜீன் டெஸ்ட் செய்து காடசில் என்றார்கள். மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டுப்போகும் பரம்பரை நோய். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குணமாக்க மருந்து கிடையாது. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். கடைசிக் காலத்தில் கால் இழுத்து, நினைவு தப்பி இறந்தவர். அவர் வழியாக வந்ததுதான்.

புதுச்சேரியில் இருந்தவர்கள் அம்மாவும் தம்பி பிலிப்பும். பிலிப் எலெக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். அவருக்கும் இருக்கிறதா என்று பார்க்க, ரத்தம் எடுக்க என்னை அனுப்பினார்கள்.

2. அடுப்படியில்

பிலிப் வீட்டில் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். நன்றாகப் பேசுகிறேன் என்று எனக்கே தோன்றியது. பிலிப் முகம் வெளுத்துக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை.

"எனக்கும் வந்துடுச்சு சார். போன வாரம் வண்டிச் சாவிய மறந்துட்டேன். நேத்து பால் பாக்கெட்ட கடையிலயே வச்சுட்டு வந்துட்டேன். தலவலி வேற."

"நான் தெனமும் மறக்கறேன் சார்," என்றேன்.

"உங்கப்பா இப்பிடிச் சாவலியே."

தன் மகளுக்கு வந்த நல்ல வரனைக்கூட பிலிப், இந்த ரிசல்ட் தெரியட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். அப்போது அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"அவனுக்கு எடுக்க வேணாம் தம்பி."

"எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா இருக்கும். நான் குத்துனா கொழந்தைங்ககூட அழாது. போன மாசம் ஒருத்தரு..."

"நீங்க பேசிகினே இருக்கீங்க. ஒரு நிமிசம் கேளுங்க. அவன நான் பெக்கல."

பிலிப், அவருடைய தங்கைக்குப் பிறந்த ஐந்தாவது பிள்ளை. எட்டாம் நாள் தூக்கிவந்து, எத்தா சிவிலில், அதாவது பிறப்புப் பதிவேட்டில், தன் பிள்ளையாகவே எழுதிவிட்டார்கள். எழுதியதால் பையன் பிரெஞ்சுக் குடிமகன்; வெளியே தெரிந்தால் அது போய்விடுமோ என்று பயம். நாற்பத்துச் சொச்சம் வருடமாக பிலிப்புக்கே தெரியாது.

நான் வெளியே வந்து, ட்யூபுக்கு டேட் முடிந்துவிட்டது, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று உளறினேன். "அதையும் மறந்துட்டு வந்தீங்களா?" என்றார் பிலிப்.

3. டாக்டரம்மா சொன்னது

"நல்ல சேதி டாக்டர். பிலிப்புக்கு அந்த அப்பா ரத்தமே இல்ல. போன்லயே சொல்லிடலாமா?"

"உன் சேதியா அது? அந்தம்மாதான் சொல்லணும். நம்ம ஃபைல் எந்த ஆபீசுக்கும் போகாதுன்னு மட்டும் அவங்களுக்குச் சொல்லு."

போய்ச் சொன்னேன். அம்மாவின் பயம் காகிதத்தைப் பற்றியது மட்டும் இல்லை.

"சொன்னப்பறம் அவன் என்ன அம்மான்னு கூப்புடுவானா தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அந்த வீட்டில் நான் பேசியதிலேயே சுருக்கமான பேச்சு அதுதான்.

4. திங்கட்கிழமை

டாக்டரம்மா அறையில் நாலு பேர். அம்மா மேசையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார்.

"மூலக்குளம் சித்தியா என்னப் பெத்தது?" என்று கேட்டார் பிலிப்.

"ஆமாண்டா."

"அந்தச் சித்திக்கு சக்கரதான இருக்குது?" என்று டாக்டரம்மாவைப் பார்த்தார். "அப்ப எனக்கு அதப் பாருங்க மேடம்."

சொல்லிவிட்டுத்தான் அழுதார். பிறகு எழுந்து, "வா, வண்டி வெயில்ல நிக்குது. சீட்டு சுடும்மா, துண்ட போட்டு உக்காரு," என்றார். அந்த 'ம்மா'வைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா மேசையிலிருந்து கண்ணை எடுத்தார்.

பிலிப் கேட்டுக்கொண்டதால் காடசில் டெஸ்டும் செய்தோம். இல்லை என்று வந்தது. போனில் சொன்னோம். மறுநாள் ரிசல்ட் பேப்பர் வாங்க வந்தவர் கிளம்பாமல் நின்றார்.

"அண்ணன் வாராவாரம் போன் பண்ணி, உனக்கு இல்லியேன்னு கேக்கும். நேத்தி, பாதிக்குப் பாதியில நான் தப்பிச்சுட்டேண்ணேன்னு சொல்லிட்டேன். அவ்ளோ சந்தோசம் அதுக்கு. நான் தம்பி இல்லன்னு எப்பிடி சார் சொல்றது? தப்பா?"

"எங்க ஃபைல்ல வெறும் நம்பர்தான் சார் இருக்கு. யாரு யாருக்குத் தம்பின்னு அதுல இல்ல," என்றேன்.

முழுப் பொய். அதை எழுதத்தான் எங்களுக்குச் சம்பளமே. வம்சப் படத்தில் புள்ளிக்கோடு போட்டு, தத்து என்று அன்று காலையில்தான் குறித்திருந்தேன்.

படம் வரையும் முன் வீட்டு அம்மாவைத் தனியாகக் கேட்டுவிடுங்கள் என்பதுதான் நான் கற்றுக்கொண்ட பாடம். அவர் சொல்வதைப் பிசகாமல் குறியுங்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் யாரை அண்ணன் என்று கூப்பிடுவது என்பதில் நமக்கு வேலை இல்லை.