பிள்ளையார் படத்துக்குப் பின்னால் மூன்று ஓட்டைகள்

நான் இதுவரை செய்த மடைத்தனங்களை வரிசைப்படுத்தினால் முதலிடத்துக்குக் கடும் போட்டி இருக்கும். ஆனாலும் போன கார்த்திகை மாதம், "வீட்டுச் சுவர்களில் ஓட்டை ஏதும் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொல்லிக் கையெழுத்தும் வைத்தேனே, அதை வெல்ல இன்னொன்று பிறந்துதான் வரவேண்டும். ஓட்டைகள் இருந்தன. அவ்வளவையும் போட்டவன் நான்.

மகளுக்கு அது தலைப்பிரசவம். பிள்ளை பிறந்ததும் முதல் ஒரு மாதம் தாய்வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. மருமகனும் உடனே சம்மதித்தார், ஒரு மாத நித்திரையை யார் வேண்டாம் என்பார்கள்? பிராங்பேர்ட்டுக்கு வெளியே நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் மிச்சமாக இருப்பது கூரைக்குக் கீழே உள்ள ஓர் அறைதான். பனிக்காலத்தில் ஹீற்றரை முழுதாகத் திருகிவிட்டாலும் அங்கே பதின்மூன்று பாகைக்கு மேல் ஏறாது. போன வருடம் அதில் ஓரிரவு படுத்த மச்சான், விடிய எழும்பிக் கையுறையோடு இடியப்பம் சாப்பிட்டார்.

மனைவி தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"உந்த அறை சூடாகாட்டிப் பிள்ளை இஞ்சை வராது. நான் மகளின்ர வீட்டை போறன். நீங்கள் ஒரு மாசம் தனியக் கிடந்து சமைச்சுச் சாப்பிடுங்கோ."

என் சமையலை நான் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன். அதைவிட, பேரப்பிள்ளை என் வீட்டில் வளராமல் சம்பந்தி வீட்டுப் பக்கத்தில் ஒரு மாதம் வளர்வதா?

ஆகவே கூரைக்கு 'டெமுங்' போட முடிவானது. கூரைக்கும் அறையின் உட்பலகைக்கும் நடுவே வெறும் காற்று நிற்கும் இடத்தில், பொடியாக்கிய பழைய பத்திரிகைக் காகிதத்தைக் குழாய் வழியே ஊதி நிரப்புவார்கள். குளிர் வெளியே நிற்கும். கேட்ட கம்பனி எல்லாம் சித்திரைக்குத்தான் டெர்மின், அதாவது வேலைக்கு நாள், தந்தன. அப்போதுதான் கோயிலில் ஒரு அக்கா சொன்னா, பக்கத்து ஊரில் எங்கட தமிழ்ப் பிள்ளை ஒருத்தி இந்தத் தொழில் படித்து, சொந்தமாகக் கம்பனியும் நடத்துகிறாள் என்று.

எங்கட பிள்ளை என்றதும் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. தேத்தண்ணி கொடுத்து, ஊர் விசாரித்து, சட்டதிட்டங்களைக் கொஞ்சம் இளக்கலாம் என்று நினைத்தேன். அவள் வந்தாள். முப்பது வயது இருக்கும், காலில் இரும்பு மூக்குச் சப்பாத்து. "தேத்தண்ணி பிறகு, அங்கிள்" என்றுவிட்டு வீட்டை மேலும் கீழும் அளந்தாள். கடைசியில் கைக்கணினியை நீட்டி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள்.

"வயர் கொண்டுவர, பைப் கொண்டுவர எண்டு எங்கையாவது ஓட்டை போட்டனீங்களோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

பக்கத்தில் மனைவி நின்றாள். அங்கேதான் வந்தது வினை.

தமிழ்த் தொலைக்காட்சி டிஷ்ஷில் வரத் தொடங்கிய காலத்தில் இந்தப் பகுதித் தமிழர்களுக்கெல்லாம் நான்தான் டிஷ் நிபுணன். யார் கூப்பிட்டாலும் ட்ரில்லோடு போவேன். வயர் சுண்டுவிரல் மொத்தம்தான், என் ஓட்டையில் ஒரு கத்தரிக்காய் போகும். என் சொந்த வீட்டிலோ முதல் ஓட்டை மரச்சட்டத்தில் முட்டியது, இரண்டாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது, மூன்றாவதில்தான் வயர் வந்தது. அப்போது தொலைக்காட்சி இருந்த அறை இப்போது எங்கள் சாமியறை, அந்தக் கூரை அறையை ஒட்டியது. மூன்றையும் நான் இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைக் கிழித்து அடைத்து, மேலே பெரிய பிள்ளையார் படத்தை மாட்டிவிட்டேன். மனைவியைப் பொறுத்தவரை ஒரே தடவையில் குறிதவறாமல் ஓட்டை போட்டு, டிஷ் போனபிறகு அதைப் பூசியும் விட்ட வீரன் நான். அந்தப் பெயரை எப்படி விடுவது?

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று சொல்லிக் கைக்கணினியில் கையெழுத்தும் வைத்தேன்.

வேலை நாள் புதன்கிழமை. பேரன் பிறந்து ஆறு நாள். ஞாயிறு வருகிறார்கள். வாசலில் லொறி நின்றது, அதிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் மாடிக்கு ஏறியது. இயந்திரம் இரைந்தது. நான் கீழே நின்று ஒன்றும் விளங்காமல் மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். அப்போது மேலே சாமியறையிலிருந்து மனைவியின் குரல்.

"இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ! பிள்ளையார் திருநீறு சொரியிறார்!"

ஓடினேன். படத்தின் நாலு பக்கத்தாலும் சாம்பல் நிறத் தூள் பொழிந்துகொண்டிருந்தது. மனைவி கைகூப்பி நின்றாள். கண்ணில் நீர், நெற்றியில் ஏற்கெனவே ஒரு பூச்சு.

"பேரப்பிள்ளை வரப்போகுதெல்லே, அதுதான் அடையாளம் காட்டுறார்" என்று என் நெற்றியிலும் அள்ளிப் பூசினாள். பழைய பத்திரிகை வாசம் அடித்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் பேசாமல் இருந்துவிடுவோமா என்றுதான் யோசித்தேன். கோயிலில் எனக்கு மாலையே போடுவார்கள்.

பிள்ளையார் விடவில்லை. படம் ஒருமுறை துள்ளியது. பின்னாலிருந்து ஒரு துணி பறந்துவந்து அவள் தோளில் விழுந்தது. நீலக் கட்டம் போட்ட துணி. அவள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"இது உங்கட சாரமெல்லே?"

அதற்குள் அந்தக் கம்பனிப் பிள்ளை ஓடிவந்து, கீழே நின்ற ஆளிடம் கத்தி இயந்திரத்தை நிறுத்தினாள். கணுக்கால் அளவு தூளில் நாங்கள் மூவரும் நின்றோம்.

"அங்கிள், ஓட்டை இருக்கோ எண்டு நான் கேட்டனான்."

"ஓம் பிள்ளை."

"இல்லை எண்டனீங்கள்."

"ஓம் பிள்ளை."

"எத்தினை?"

"ஒண்டு."

மனைவி படத்தைக் கழற்றினாள்.

"மூண்டு" என்றேன்.

ஓட்டைகளை உள்ளே இருந்து அடைத்து, காய்ந்த பிறகுதான் இனி ஊதலாம் என்றாள் அந்தப் பிள்ளை. இல்லாவிட்டால் போட்டதெல்லாம் வெளியே வரும், குளிர் உள்ளே வரும். அடுத்த டெர்மின் தை மாதக் கடைசி. இதைக் கேட்ட மனைவி தோளைத் தட்டிக்கொண்டு கீழே போனாள். அலுமாரி திறக்கும் சத்தமும், பயணப்பெட்டியின் சில்லு நிலத்தில் உருளும் சத்தமும் கேட்டன.

என் வீரம் அந்தச் சில்லுச் சத்தத்தோடு போயிற்று. ரோர்ச் லைற்றை எடுத்து, "வா பிள்ளை, எல்லாத்தையும் காட்டுறன்" என்றேன். சாமியறையில் மூன்று, மாடிப்படியில் இரண்டு, கூரை அறை அலுமாரிக்குப் பின்னால் ஒன்று, குளியலறையில் ஒன்று.

"குளியலறைக்கு என்னத்துக்கு டிஷ்?"

"அது பிழையாப் போனது."

அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்: "எங்கட வீட்டிலையும் ஒரு அங்கிள் வந்து டிஷ் போட்டவர். என்ர கட்டிலுக்கு நேரை ஓட்டை. பள்ளிக்கூடம் முடியுமட்டும் தொப்பியோடதான் படுத்தனான்."

"எந்த இடத்திலை, பிள்ளை?"

தெருவின் பெயரைச் சொன்னாள். நான் முகட்டைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

"அங்கிள், நீங்களோ?"

"அப்ப எனக்கு அவ்வளவு பழக்கமில்லைப் பிள்ளை."

கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தாள், வீட்டை அளந்த அதே பார்வை. "சனிக்கிழமை என்ர லீவு நாள். பேபிக்காக வாறன். வெள்ளி பின்னேரத்துக்குள்ளை ஏழையும் நான் காட்டுற மாதிரி அடைச்சு முடிக்கவேணும். அடுத்த கிழமை எங்கட அப்பா வீட்டை போய் எட்டாவதையும் அடைக்கிறீங்கள்."

இரண்டு நாள் முழங்காலில் நின்று பூசினேன். காற்று வருகிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும், புகை சாய்ந்தால் பிழை என்று அவள் சொல்லியிருந்தாள். மனைவி ஊதுபத்தியோடு ஒவ்வொரு ஓட்டையாகச் சுற்றிவந்தாள். புகை சாய்ந்தபோதெல்லாம் என்னை ஒரு பார்வை, "திரும்பப் பூசுங்கோ" என்று ஒரு சொல். வெள்ளி மாலை ஏழிலும் புகை நேரே நின்றது. ஆனாலும் மனைவியின் பெட்டி முன்கதவடியில்தான் நின்றது.

சனிக்கிழமை மறுபடி இயந்திரம் இரைந்தது. பிள்ளையார் அசையவில்லை. அந்தப் பிள்ளை அன்றைக்குத் தேத்தண்ணி குடித்தாள், இரண்டு வடையும் சாப்பிட்டாள். அவள் போனதும் ஹீற்றரை முழுதாகத் திருகிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாடியேறி வெப்பமானியைப் பார்த்தேன். பதினாறு. பத்தொன்பது. இருபத்திரண்டு. அதன்பிறகுதான் மனைவி பெட்டியைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள்.

ஞாயிறு மத்தியானம் மகள் வந்தாள். நான் பேரனைக் கையில் வாங்கி, முன்னால் நடந்து, மாடிக்கதவைக் காலால் திறந்தேன். வெக்கை முகத்தில் அடித்தது.

"பார் பிள்ளை, இருபத்தைஞ்சு பாகை! பதின்மூண்டிலை கிடந்த அறை! அப்பான்ர வேலை எப்பிடி?"

மகள் வெப்பமானியைப் பார்த்தாள், வியர்த்திருந்த என்னைப் பார்த்தாள்.

"மருத்துவிச்சி பிள்ளைக்குப் பதினெட்டுப் பாகை போதும் எண்டவ, அப்பா, யன்னலைத் திறவுங்கோ."