மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேஜை

அண்ணா, நீ போன பிறகு கிளப் கதவை நான்தான் திறக்கிறேன். பூட்டு மழையில் ஊறி இறுகிக் கிடக்கிறது. "சாவியை முறுக்காத அம்மிணி, கதவை உம்பக்கம் இழுத்துப் புடிச்சுட்டுத் திருப்பு" என்று சொல்வாயே, அப்படியே செய்கிறேன். திறந்துகொள்கிறது. உள்ளே நீதான் இல்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் என் அண்ணனைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை.

எங்களுடையது குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட். அண்ணனுக்குச் சிறு வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கட்டைகளை அக்குளில் ஊன்றிக் கொஞ்ச தூரம் போவான், அவ்வளவுதான். அப்பா இறந்ததும் அப்பாவின் நிரந்தர வேலை அவனுக்கு வந்தது. ஃபேக்டரியில் உட்கார்ந்து தூளிலிருந்து காம்பு பொறுக்குகிற வேலை. அந்த வேலை இருந்ததால்தான் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றும் எங்களுக்கு இருந்தது. அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. நான் தற்காலிகமாக இலை பறிக்கிறவள். தற்காலிக ஆளுக்கு வீடு கிடையாது.

லைனுக்கு மேலே மேட்டில் தகரக் கூரை போட்ட கிளப். முன்பு ஆபீஸ் கிளார்க்குகளுக்காக வாங்கிய டேபிள் டென்னிஸ் மேஜை ஒன்று அங்கே இருந்தது. கிளார்க்குகள் குறைந்ததும் எங்கள் கைக்கு வந்தது. யாரோ தானமாகக் கொடுத்த சக்கர நாற்காலியும் அங்கேயே கிடந்தது. லைனுக்கு இறங்குகிற படிகளில் அதை உருட்ட முடியாது. அண்ணனின் நாற்காலி ஒரு நாளும் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை.

சாயங்காலமானால் அவனுடைய சிநேகிதர் அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போவார். எஸ்டேட் லாரி டிரைவர்.

"அரிசி மூட்டைகூட வாய மூடிக்கிட்டு வருதுடா. நீ என்னடான்னா மேல உக்காந்துட்டு வழி சொல்ற."

"நீ ரிவர்ஸ் எடுக்கற லட்சணம் தெரியும் மாப்ள. அதான் சொல்றன்."

அப்போதுதான் தேயிலை விலை விழுந்தது. தூள் விற்கவில்லை. வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. பக்கத்து லைன்களில் ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்குப் போனது. ஃபேக்டரி ஸ்டோர் நிரம்பி வழிந்ததும், விற்காத தூள் மூட்டைகளைக் கிளப்பில் கொண்டுவந்து அடுக்கினார்கள். மேஜையின் இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் மூட்டை. நடுவில் ஒரு சந்து. நாற்காலி முன்னே போகும், பின்னே வரும். திரும்ப இடமில்லை.

நாங்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பந்து பக்கவாட்டில் போய் மூட்டையில் பட்டால் சில சமயம் மேஜைக்கே திரும்பி வரும். அப்படி வந்தால் ஆட்டம் தொடரும் என்று வைத்துக்கொண்டோம். லைன் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் பழகினார்கள். அண்ணன் அதில் கெட்டிக்காரன். மூட்டைத் தையலில் எந்த இடத்தில் பட்டால் எப்படித் திரும்பும் என்று கையில் வைத்திருந்தான். ஆட முடியாத பெண்களும் சாயங்காலம் வந்து வாசலில் நிற்பார்கள். வேலையில்லாத காலத்தில் சிரிப்புச் சத்தம் கேட்ட ஒரே இடம் அதுதான்.

கோயமுத்தூர் குடோனுக்கு லோடு கொண்டுபோன டிரைவர் அண்ணன், அங்கே ஒரு டேபிள் டென்னிஸ் கிளப்பைப் பார்த்துவிட்டு வந்தார். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் ஆடுகிறார்களாம். அடுத்த லோடில் எங்கள் இருவரையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். அண்ணனின் நாற்காலி பின்னால் மூட்டைகளின் மேல்.

அவ்வளவு பெரிய ஹாலை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் சின்னப் பிள்ளைகள். ஒரு பக்கம் ரிட்டயரான பெரியவர்களும் பக்கத்துத் தெருப் பெண்களும். கடைசியில் நாற்காலிக்காரர்கள். நடு மேஜையில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் காட்டி, "இவங்களுக்கு ஆடறதுதான் வேலை, ஆபீஸ்ல சம்பளமே அதுக்குத்தான்" என்றார் ஒருவர். அண்ணன் என் காதில், "காம்பு பொறுக்க வேண்டாமாமா?" என்றான்.

அங்கிருந்த கோச் அவனை ஆடவிட்டுப் பார்த்தார். நேராக வந்த எதையும் அவன் விடவில்லை. பிறகு எதிராளி ஒரு பந்தைப் பக்கவாட்டில் அடித்தார். அண்ணன் அசையவே இல்லை. மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். பந்து ஹாலின் அந்தக் கோடி வரைக்கும் உருண்டு போனது. மறுபடியும் அப்படியே.

"எதுக்குப்பா சும்மா இருக்கற?" என்றார் கோச்.

"மூட்டைல பட்டுத் திரும்பி வரும்னு இருந்துட்டனுங்க."

ஹாலே சிரித்தது. விஷயத்தைக் கேட்டதும் கோச் மட்டும் சிரிக்கவில்லை. "பக்கத்துல போறத நான் சொல்லிக் குடுத்துக்கறேன். நேர் ஆட்டம் இப்படி யாருக்கும் வராது. இங்கயே தங்கிக்க. ஆறு மாசம் குடு" என்றார்.

திரும்பி மலையேறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தான். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எஸ்டேட் ஆபீசில் லீவு கேட்டான். "வேலைதான் இல்லியேங்க, போய்ட்டு வந்தர்றனுங்க" என்றான்.

"வேலை இல்லாட்டியும் ஆள் இருக்கோணும்ப்பா. அத்தன நாள் போனா பேரு அடிபட்டுரும். பேரு போனா ஊடு காலி பண்ணோணும்."

"என்ற தங்கச்சி பேருக்கு மாத்திக் குடுத்தா?"

"வெல ஏறட்டும். இப்ப புதுசா யாரையும் நிரந்தரம் பண்றதில்ல."

அன்றைக்கு வீட்டில் நான் கத்தினேன். "நீ போண்ணா. நான் அம்மாவக் கூட்டிட்டுத் திருப்பூர் போயிக்கறன்."

"அங்க போயி அம்மாவ எந்த மாடிலடி ஏத்துவ? இங்கிருந்து கக்கூஸ் போறதுக்கே புடிச்சுட்டுப் போகோணும்."

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அண்ணன் குரலை இறக்கி, "மூட்டை போகட்டும் அம்மிணி. மூட்டை போச்சுன்னா வெல ஏறிருச்சுன்னு அர்த்தம். உனக்கு வேலை போட்டுருவாங்க. நானும் போயிருவன்" என்றான்.

அதிலிருந்து எங்களுக்கு அந்த மூட்டைகள்தான் காலண்டர். அவை போகவில்லை. ஈரம் குடித்து உப்பின. சந்து இன்னும் குறுகியது. நாற்காலியில் உட்கார்ந்தால் அண்ணனின் முழங்கை மூட்டையில் இடிக்கும். அப்படியும் பக்கவாட்டில் போகிற பந்தை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டி நீட்டிப் பழகினான். கையைச் சிராய்த்துக்கொண்டு வருவான். கோச் ஆள் மூலம் ஒரு தரம் விசாரித்தார். அப்புறம் விசாரிக்கவில்லை.

மழைக்காலத்தில் அவனுக்குச் சளி கட்டியது. நிமோனியா என்றார்கள். குன்னூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த வாரம்தான் லாரிகள் வந்தன. எந்த விலைக்கோ, யாருக்கோ, எல்லா மூட்டையும் போயிற்று. ஏற்றிப்போனது டிரைவர் அண்ணன்தான். கீழே லாரியை நிறுத்திவிட்டு வார்டுக்கு ஓடி வந்து, "டேய், காலியாயிருச்சுடா" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். "எடம் எவ்ளோ இருக்குது?"

"நாற்காலி முழுசாச் சுத்தலாம்ண்ணா."

"அப்ப போலாம்" என்றான்.

மறுநாள் அவன் இறந்துபோனான்.

நிரந்தர ஆள் இறந்தால் வாரிசுக்கு வேலை. அது எப்போதும் உள்ள வழக்கம். விலை ஏறவில்லை, ஆனாலும் வேலையை எனக்குப் போட்டார்கள். அண்ணன் இருக்கும்போது முடியாத மாற்றம் அவன் போனதும் ஒரு கையெழுத்தில் முடிந்தது. வீடு எங்களுக்கே இருக்கிறது. அவன் உட்கார்ந்த பலகையில் உட்கார்ந்து நான் காம்பு பொறுக்குகிறேன். எழுந்து போக எனக்கும் வழியில்லை.

அவனுடைய நாற்காலியைக் கோயமுத்தூர் கிளப்புக்கே கொடுத்துவிட்டோம். அங்கே ஒரு பெண்பிள்ளை அதில் உட்கார்ந்து திருப்பப் பார்த்தாள். முன் சக்கரம் அசையவில்லை. நேராகவே ஓடி ஓடித் துருப்பிடித்து நின்றிருந்தது. கோச் மண்டியிட்டு எண்ணெய் விட்டார். வெகுநேரம் ஆட்டி ஆட்டிப் பார்த்தபின் ஒரு சத்தத்தோடு திரும்பியது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

இதைப் படிக்கிற எல்லோரையும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்றைக்கு விளக்கு வைக்கும்போதோ மெழுகுவத்தி ஏற்றும்போதோ தொழும்போதோ, என் அண்ணனுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். அவன் இப்போது இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் இடம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.