தேயிலையில் ஊறிய கார்

போன மாதம் முதல் சனிக்கிழமை, ஒரு ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து பதினோரு மூட்டை தேயிலைத் தூளை இறக்கினேன்.

கடத்தல் எதுவும் இல்லை. கார் நின்ற இடம் மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். ஃபேக்டரிக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகை. காரின் சொந்தக்காரர் சேவியர் அண்ணன், அதே ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். என் பழைய சிநேகிதர். பக்கத்து ஊரான தானா ராத்தாவில் சும்மா இருந்த என்னை, "ஒரு கை குடுங்க" என்று அழைத்திருந்தார்.

கார் இரண்டே பேர் உட்காரக்கூடியது. கரும்பச்சை. துணிக்கூரையை எலிகள் தின்று முடித்துவிட்டன. முன்பு இங்கே இருந்த ஒரு துரை — இந்தப் பக்கம் மேனேஜரை இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள் — வேலையை விட்டுப் போகும்போது அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனது. அப்போதே அது பழைய கார். அப்போதே ஓடவில்லை. "செஞ்சிடலாம் துரை" என்றாராம் அண்ணன்.

சொல்லி இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

ஏன் செய்யவில்லை? சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபேக்டரியில் எந்த மெஷின் நின்றாலும் மத்தியானத்துக்குள் ஓடவைத்த கை அது. ஆனால் காருக்கு மட்டும் எல்லாமே ஒரிஜினலாக வேண்டும். ஒரு வருடம் கார்புரேட்டர் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கிடைத்தது, பிடிக்கவில்லை. பிறகு மகனின் படிப்பு, மகளின் கல்யாணம்… நல்ல காரணங்கள்தான். கெட்ட காரணம் சொல்லி யாராவது ஒரு வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்களா?

இந்தத் தடவை தள்ளிப்போட இடமில்லை. அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா தோட்டத்துக் கிளினிக்கில் மிஸி — அதாவது நர்ஸ். அவருடைய வேலைக்காகத்தான் தோட்டத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். அவரும் அந்த மாதத்தோடு ரிட்டையர். வீட்டையும் கொட்டகையையும் ஒப்படைத்துவிட்டு, ஈப்போவில் மகன் வின்சென்டிடம் போக வேண்டியிருந்தது.

வின்சென்ட் போனில் சொன்னதை, ஸ்பீக்கர் வழியாக நானும் கேட்டேன்.

"ரூம்பு ரெடிப்பா. ஆனா வாசல்ல ஒரு காருக்குத்தான் எடம். உங்க வண்டி ஓடுச்சுன்னா என் வண்டிய ரோட்டுல போட்டுக்கிறேன். ஓடலன்னா பெசி புரோக்."

பெசி புரோக் என்றால் பழைய இரும்பு. எடைக்குப் போடுவது.

"ஓடும்டா" என்றார் அண்ணன்.

"தோட்டத்து கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரட்டும். நானே வந்து பாக்குறேன்."

ரோடு டாக்ஸ் செத்துப் பல வருடம் ஆன வண்டி. அதனால் டெஸ்ட் தோட்டத்துப் பாதையில்தான். கொட்டகையிலிருந்து கேட், கேட்டிலிருந்து கொட்டகை. அதன்பிறகு லோரியில் ஏற்றி ஈப்போவுக்கு. நாள் — மாதத்தின் கடைசிச் சனி. மூன்று வாரம் இருந்தது.

மூட்டைகளுக்கு வருகிறேன். தேயிலை ஈரத்தை இழுக்கும். ஃபேக்டரியில் ஒரு மாதம் வேலை பார்த்தவருக்குக்கூட இது தெரியும். தூளைக் காற்றில் திறந்து வைக்க விடமாட்டார்கள். இந்த மலையிலோ பாதி நாள் மூடுபனி. ஆகவே அண்ணன், கழிவுத் தூளைச் சாக்கில் கட்டி காரின் தரையிலும் சீட்டிலும் டிக்கியிலும் அடுக்கினார். ஈரம் காருக்குப் போகாது, தூளுக்குப் போகும். ஃபிட்டரின் மூளை.

முதலில் மாதம் ஒரு முறை புது மூட்டை மாற்றினார். பிறகு கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ். பிறகு அதுவும் நின்றது. மூட்டைகள் மட்டும் தங்கள் வேலையை நிறுத்தவில்லை. மலையில் உள்ள ஈரத்தையெல்லாம் இழுத்து, இரும்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.

திரிங்காப்பில் காய்கறி லோரிகளுக்கு வொர்க் ஷாப் வைத்திருக்கும் குணா வந்து, காரின் தரையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது உள்ளே போய், கீழே சிமெண்டில் விழுந்து சத்தம் போட்டது.

"அங்கிள், நீங்க வண்டிய வைக்கல லா. ஊற வச்சிருக்கீங்க."

அண்ணன் குனிந்து ஓட்டையைப் பார்த்தார்.

"பாலும் சீனியும் போட்டா குடிச்சிறலாம்."

"வேலையப் பாருய்யா" என்றார் அண்ணன்.

தரைத் தகடு முழுவதையும் வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்தார் குணா. எஞ்சின் வேலை அண்ணனுடையது; பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றபடியே நாள் முழுக்க வேலை பார்த்தார். டைனமோவும் டிஸ்ட்ரிபியூட்டரும் உதவாது என்று ஆனபோது, குணா கியா பார்ம் பக்கம் படுத்துக் கிடந்த ஒரு பழைய ஜீப்பிலிருந்து இரண்டையும் கழற்றி வந்தார்.

"கோபிஸ் ஏத்துற ஜீப்போட சாமானா?" — அண்ணனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கோபிஸ் என்றால் முட்டைக்கோஸ்.

"ரெண்டும் ஒரே கம்பெனி சாமான் அங்கிள். அதுவும் இங்கிலாந்துல பொறந்ததுதான். இங்க வந்து கோபிஸ் தூக்குது, என்ன செய்ய?"

இருபத்தெட்டு வருடமாக ஒரிஜினலுக்குக் காத்திருந்தவர், காலண்டரைப் பார்த்தார். மாட்டச் சொல்லிவிட்டார். நமக்கெல்லாம் கொள்கை இருக்கிறது… கெடு வரும்வரை.

கடைசிச் சனி. வின்சென்ட் காலையிலேயே வந்துவிட்டார். சீட்டைக் குணா முந்தைய நாள் மாலைதான் பொருத்தியிருந்தார். அவரே கையை நீட்டி சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. சீரான சத்தம். அண்ணன் கையைத் துணியில் துடைத்தார். கொஞ்சம் அதிக நேரம் துடைத்தார்.

பிறகு ஏறினார்.

ஏற முயன்றார் என்பதுதான் சரி. இடது கால் உள்ளே போனது. உடம்பு போனது. வலது முட்டி ஸ்டீரிங்குக்குக் கீழே மடங்க மறுத்தது. இறங்கி, மறுபடி ஏறினார். மூன்று தடவை.

"சீட்டப் பின்னால தள்ளு."

"இனி தள்ளுனா டிக்கிலதான் உக்காரணும் அங்கிள்."

கார் தரையோடு தரையாக இருக்கும். நாற்பது வயதில் அதில் குதித்து உட்கார்ந்தவர் அவர். அதன்பிறகு அந்த சீட்டில் உட்கார்ந்தது மூட்டைகள் மட்டுமே.

"குணா ஓட்டட்டும்ப்பா" என்றார் வின்சென்ட். "ஓடுதான்னுதானே பாக்கணும்."

"இத்தன வருஷம் வச்சிருந்தது குணா ஓட்டவா?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிலோமினா அக்கா முன்னே வந்தார்.

"எறங்குங்க."

"ஒனக்கு என்ன தெரியும் இந்த வண்டியப் பத்தி?"

"மூணு பெடலு — கிளச்சு, பிரேக்கு, எண்ண. ஆம்புலன்சு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதவங்கள நான்தானே என் வண்டியில தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனேன்? அதுலயும் இதே மூணுதான்."

அண்ணன் இறங்கினார். அக்கா சேலையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. கார் கொட்டகையை விட்டு வெளியேறி, தேயிலைச் சரிவு வளைவில் மறைந்தது. அதன்பிறகு எங்களுக்குச் சத்தம் மட்டும்தான்.

சத்தம் நின்றது.

வின்சென்ட் தரையைப் பார்த்தார். அண்ணன் வளைவைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நிமிடம் இருக்கலாம். மறுபடி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

அக்கா வந்து நிறுத்தினார். "கொழுந்து லோரி வந்துச்சு, ஓரங்கட்டி எஞ்சின நிறுத்தி வழி விட்டேன். பிரேக்கு எடது பக்கம் இழுக்குது, பாருங்க."

"எடதுதான் இழுக்கும்" என்றார் அண்ணன்.

இரண்டாவது சுற்றில் அவரும் ஏறினார். பக்கத்து சீட்டில். அங்கே பெடல் இல்லை, காலை நீட்ட இடம் இருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். அக்கா கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்று வாரம் நாங்கள் துருவை அங்குலம் அங்குலமாகத் தேடினோம். காரில் மட்டும். ஒரு வேலையைத் தள்ளிப்போடும்போது, அது அங்கேயே நிற்கும், நாமும் அப்படியே இருப்போம் என்று ஒரு கணக்கு. அதில் முதல் பாதியையாவது புதுத் தகடு வெல்டிங் செய்து சமாளிக்கலாம்.

கார் இப்போது ஈப்போவில், வாசலில் நிற்கிறது. சாவி அக்காவிடம்.