நிரப்பாமல் விட்ட கட்டம்

போன வாரம் மருத்துவக் காப்பீட்டுக்காகக் கைபேசியில் ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், வயது, எடை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. எடையில் மட்டும் மூன்று கிலோ எனக்கு நானே தள்ளுபடி கொடுத்துக்கொண்டேன். எட்டாவது கேள்வியில் வண்டி நின்றுவிட்டது. ‘உங்கள் பெற்றோரில் எவருக்கேனும் இருதய நோய் இருந்ததா?’ கீழே இரண்டே வட்டங்கள். ஆம், இல்லை. எங்கள் அத்தா ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. இருதயமா, வேறு ஏதாவதா என்று எந்த டாக்டரும் பார்க்கவில்லை. ஆக, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்கு வட்டம் கிடையாது. விட்டுவிட்டு அடுத்த பக்கம் போகலாமென்றால் சிவப்பு எழுத்தில் அதட்டுகிறது.

“ஏதாச்சும் ஒண்ண அமுக்கும்மா. யாரு வந்து பாக்கப் போறாக?” என்றாள் மகள்.

யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? ஒரு காலத்தில் பார்க்காமல் விட்டவளே நான்தான். அதை மகளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், இப்படி ஒரு கட்டத்தால், பிலோமினா என்ற என் தோழி ஒரு வேலையை இழந்தாள். அந்தக் கட்டத்துக்குப் பொறுப்பு நான்.

கைபேசிக்கு வாசனை கிடையாது. எங்கள் கல்லூரிக் கணித வகுப்புக்கு உண்டு. காற்று திரும்பினால் தோல் பதனிடும் தொட்டிகளின் நாற்றம் ஜன்னல் வழியே வந்து கரும்பலகை வரைக்கும் நிற்கும். அந்த இடங்களைத் திண்டுக்கல்லில் தோல் ஷாப் என்போம். அத்தா அப்படி ஒரு ஷாப்பில்தான் மேஸ்திரியாக இருந்தார். வகுப்பே தாவணியாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்தும்போது நான் மட்டும் குடும்ப கௌரவத்துக்காகப் பொத்தாமல் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் பிலோ. தாடிக்கொம்பு தாண்டி, குடகனாற்றங்கரையில் ஒரு ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். தோல் ஷாப் கழிவு ஆற்றில் கலந்து அந்தப் பக்கக் கிணறுகளெல்லாம் உப்பேறிக்கொண்டிருந்த காலம் அது.

“உங்க அத்தா ஷாப்புத் தண்ணி எங்க கெணத்துக்குத்தான் வருது புள்ள. அப்பறம் என்ன, நம்ம ஏற்கெனவே சொந்தக்காரங்கதான்” என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. கோபமா கேலியா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

இரண்டாம் ஆண்டில் தர்க்கவியல் வந்தது. வாக்கியங்களைப் பிடித்துவந்து, ஒவ்வொன்றும் உண்மையா பொய்யா என்று கட்டம் போட்டு நிரப்புகிற பாடம். உண்மை என்றால் டி, பொய் என்றால் எஃப். மூன்று வாக்கியம் இருந்தால் எட்டு வரிசை. எனக்கு அது கோலம் போடுகிற மாதிரி இருந்தது. புள்ளி தப்பாமல் வைத்தால் போதும், யோசிக்கவே வேண்டாம். பாடம் எடுத்தவர் மதுரையிலிருந்து ரயிலில் வந்து போகிற ஒரு சார். உள்ளூர் உதாரணம் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

“மழை பெய்தால் குடகனாற்றில் தண்ணீர் ஓடும். இந்த வாக்கியம் எப்ப பொய்யாகும்? மழை பெஞ்சும் தண்ணி ஓடலேன்னா மட்டும். மழையே பெய்யலேன்னா வாக்கியம் உண்மைதான்.”

வகுப்பு சிரித்தது. அந்த வருஷம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர்கள் நாங்கள். மழை பெய்யாத ஊரில் ஆற்றைப் பற்றி என்ன சொன்னாலும் உண்மை என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் பிலோ சிரிக்கவில்லை, எழுந்து நின்றாள்.

“சார், மேக்க மழை பெஞ்சுச்சா இல்லையான்னே நமக்குத் தெரியலேன்னா? அந்தக் கட்டத்துல என்ன போடுறது?”

“உனக்குத் தெரியலேங்கிறது உன் பிரச்சினை. வாக்கியத்தோட பிரச்சினை இல்ல. ஒண்ணு உண்மை, இல்லேன்னா பொய். நடுவுல எதுவும் கெடையாது.”

“கட்டத்த நெரப்பப் போறது நாந்தான சார்? தெரியாம எப்படி நெரப்புறது?”

சார் அவளை உட்காரச் சொன்னார். அவர் சொன்னதும் தப்பில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுவதற்கு பிலோவின் அனுமதி தேவையில்லைதான். ஆனால் அவள் கேட்டது ஆற்றைப் பற்றி அல்ல, பேனா பிடித்திருக்கிற கையைப் பற்றி. இது எனக்குப் புரிய எத்தனையோ வருஷமாயிற்று. அன்றைக்கு அவள் கையைப் பிடித்து இழுத்து, “உக்காருடி, பரீட்சைக்கு வராது” என்றுதான் சொன்னேன்.

அவள் விடவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு குறி சேர்த்தாள், ஒரு சின்ன வெறும் வட்டம். தெரியாது என்று அர்த்தம். எட்டு வரிசை இருபத்தேழு வரிசையாயிற்று. தாடிக்கொம்பு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிரப்பியிருக்கிறாள், பாதி எழுத்து ஸ்பீடு பிரேக்கரில் குதித்திருந்தது. ஒன்று பொய் என்று தெரிந்தால் போதும், மற்றது தெரியாவிட்டாலும் ‘இதுவும் அதுவும்’ பொய்தான் என்று விரல் வைத்துக் காட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக வேறு எதற்கும் அவள் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. பெரிய பெரிய ஆட்கள் எப்போதோ இதையெல்லாம் யோசித்து எழுதிவிட்டார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது. நூலகத்தில் லாஜிக் என்று இருந்தது ஒரே ஒரு புத்தகம், அதிலும் நடுப் பக்கங்கள் இல்லை.

பட்டம் வாங்கியதும் பிலோ பி.எட். போனாள். நான் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்து, படித்த சென்டரிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கால கம்ப்யூட்டர் சென்டருக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பாய் விரித்த அறை, ஏசிக் குளிர், பிரிண்டர் ரிப்பனின் மை வாசனை. வெள்ளிக்கிழமை மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு. சாயங்காலமானால் எல்லா மெஷினுக்கும் உறை மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த மெஷின்களின் வயிற்றில் இருப்பதெல்லாம் நான் கோலம் போட்ட அதே டி, எஃப்தான் என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சார் பாடம் கடைசியில் சோறு போடுகிறதே என்று பெருமைப்பட்டேன்.

ஒரு கோடையில் ஒரு பள்ளி நிர்வாகத்திடமிருந்து வேலை வந்தது. கணக்கு டீச்சர் பணியிடங்களுக்கு வந்த விண்ணப்பங்கள், கோணிப்பையில் கட்டி ஆட்டோவில் வந்து இறங்கின. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தகுதியுள்ளவர்களைப் பிரித்து, நேர்முகத்துக்குப் பட்டியல் எடுத்துத் தர வேண்டும். புரோகிராம் எழுதியது நான். பி.எட். தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். விளம்பரத்தை நான் படித்தேன். ஆனால் படிவத்தில் ‘பி.எட். தேர்ச்சி பெற்றவரா? ஆம் / இல்லை’ என்று இருந்தது. நான் படிவத்தைப் பார்த்து ஒரு கட்டம் அமைத்தேன். இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்கிற கட்டம்.

டைப் செய்த பெண்ணொருத்தி கேட்டாள். “அக்கா, இதுல ரெண்டையும் அடிக்காம விட்டுருக்காகளே?”

“விட்டா விட்டுரு. பொறகு பாத்துக்கலாம்” என்றேன்.

பாத்துக்கலாம் என்பதுதான் எங்கள் சென்டரின் உண்மையான புரோகிராம் மொழி. நான் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த மெஷினுக்கு வெறும் கட்டம் என்று ஒன்று கிடையாது. திரையில் காலியாகத்தான் தெரியும். உள்ளே அதை எஃப் என்றே எடுத்துக்கொள்ளும். சொல்லாததெல்லாம் பொய். முடிவுக்குக் காத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் எப்படியும் பாஸாகிவிடுவோம் என்ற தைரியத்தில் ‘ஆம்’ என்று டிக் அடித்திருந்தார்கள். அவர்கள் எல்லாரும் பட்டியலில் வந்துவிட்டார்கள்.

பட்டியல் ஒட்டிய மறுநாள் பிலோ சென்டருக்கு வந்தாள். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள். வெயிலில் பஸ் மாறி வந்த முகம்.

“எம் பேரு இல்ல புள்ள. டிகிரியில என்னைவிட மார்க் கம்மியானவளுக பேரெல்லாம் இருக்கு. உங்க சென்டர்லதான் பண்ணுனாகளாமே, செத்த நேரம் பாத்துச் சொல்றியா? இன்டர்வியூவுக்கு நாலு நாள் இருக்கு.” முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள். “அப்பா நெலத்த வித்துத்தான் பி.எட். படிக்க வச்சாரு. வித்தா என்ன, அதுல இனி வெளையவா போகுதுன்னாரு.”

அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். கோணிப்பையிலிருந்து அவள் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். ஆம் என்றும் அடிக்கவில்லை, இல்லை என்றும் அடிக்கவில்லை. பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘தேர்வு எழுதியுள்ளேன். முடிவு இன்னும் தெரியாது.’ அதன் முன்னால் ஒரு சின்ன வெறும் வட்டம். இருபத்தேழு வரிசையில் போட்டிருந்த அதே வட்டம். மற்ற விண்ணப்பங்களையும் புரட்டிப் பார்த்தேன். அவளைப் போல இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். அந்த அறுநூறு சொச்சம் விண்ணப்பங்களில் பொய் சொல்ல மனம் வராத எட்டுப் பேரையும் என் புரோகிராம் பொறுக்கி எடுத்து வெளியே தள்ளியிருந்தது.

முதலாளியின் அறைக்கு ஓடினேன். “சார், எட்டுப் பேரு விட்டுப் போச்சு. சேத்து வேற லிஸ்ட் எடுத்துக் குடுத்துரலாம் சார்.”

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். “இங்க பாரும்மா. கையெழுத்துப் போட்டு ஒட்டியாச்சு. இப்பப் போயி தப்புன்னு சொன்னா இனிமே எவன் நம்மகிட்ட வேல குடுப்பான்? உனக்கும் வேல வேணும்ல? கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுன்னு சொல்லி அனுப்பு.”

வெளியே வந்தேன். பிலோ எழுந்து நின்றாள்.

“கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது பிலோ. ரூல்ஸ்படிதான் எடுத்திருக்கு” என்றேன். குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “வெறும் கட்டத்த அது என்னான்னு எடுத்துக்கிடும்?”

அந்த ஊரில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பதில் தெரிந்தவள் நான்.

“தெரியல” என்றேன்.

“தெரியலையா?”

“தெரியல பிலோ.”

“சரி புள்ள, வாரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ‘தெரியாது’ என்பதற்கு ஒரு இடம் கொடுங்கள் என்று வகுப்பில் எழுந்து நின்று கேட்டவளிடம், அந்த வார்த்தையையே எடுத்துப் பொய்யாகச் சொல்லியிருக்கிறேன். செருப்பாலடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன், அவளோ வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வாரத்தில் அவள் முடிவு வந்தது, முதல் வகுப்பு. அதற்குள் இடங்கள் நிரம்பிவிட்டன. பிலோ பட்டியலில் இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்று நினைப்பேன். இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது என்றும் நினைப்பேன். அவள் பட்டியலில் இல்லை, ஆகவே சாரின் மழை பெய்யாத ஆற்றைப் போல இரண்டுமே உண்மை. பல வருஷம் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருமுறை வேடசந்தூர் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். நூல் மில்லில், நூல் சுற்றிய கோன்களை எண்ணுகிற வேலை. தலைமுடியெல்லாம் பஞ்சு. “இன்னும் அதே சென்டர்தானா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, வெயிலில் நடந்து போனேன். தைரியசாலிதான் நான்.

இப்போது அந்த சென்டர் இருந்த மாடியில் கைபேசி உறை விற்கிறார்கள், யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. நான் புரோகிராம் எழுதிய மொழியை இன்று ஒருவரும் கற்பதில்லை. அத்தாவின் ஷாப்பை இழுத்து மூடிவிட்டார்கள், அத்தாவும் போய்விட்டார். பிலோவின் மில்லும் மூடிவிட்டது. போன வருஷம் ஒருவழியாகத் துணிந்து அவள் ஊருக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது, வாசலில் கருவேலம் முளைத்திருந்தது. “அவுக போயி ரொம்ப நாளாச்சே. எங்கிட்டுப் போனாகன்னு ஒரு தகவலும் இல்ல” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நீங்க யாரு என்று கேட்டாள். கூடப் படிச்சவ என்றேன்.

மகள் அவசரப்படுத்தினாள். அத்தாவின் இருதயத்துக்கு ‘இல்லை’ என்று அமுக்கினேன். உடனே அடுத்த பக்கம் திறந்தது.

“யாரும்மா அது பிலோ? ஏதோ முணுமுணுத்தியே. இப்ப எங்க இருக்காக?” என்று கேட்டாள்.

“தெரியல” என்றேன். இந்தத் தடவை அது உண்மை.