வெட்டாமல் அனுப்பிய பதிவு

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீச்சரைப் பற்றி என்ன சொல்ல வந்தாலும் என் வாயைத் தொடாமல் சொல்ல முடியாது.

டீச்சர் என்றால் பாடம் நடத்துகிறவள் இல்லை. பல்கலைக்கழகத்தில் எங்களோடு படித்தவள். அவள் புள்ளியியல், நான் சட்டம். யார் தாளம் தப்பினாலும், யார் கணக்குத் தப்பினாலும், நான் தேதியைத் தப்பாகச் சொன்னாலும் அவளுக்குப் பொறுக்காது, உடனே திருத்திவிடுவாள். அதனால் அந்தப் பெயர். டிரம் வாசித்தவன் பெரியவர். வயதால் அல்ல, இரண்டாம் ஆண்டை மூன்று தடவை படித்த அனுபவத்தால். நான் கிட்டார். என்னை அவர்கள் வக்கீல் என்றார்கள். பரீட்சைக்கு முன்பே பட்டம் கொடுத்த ஒரே இடம் அதுதான்.

மாணவர் மன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முன்பு அச்சு இயந்திரம் இருந்த அறையை எங்களுக்கு விட்டிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. மை வாடை போகவே இல்லை. சத்தம் வெளியே போகாதிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தோம். கீபோர்டில் இடமிருந்து ஐந்தாவது கட்டை செத்துப்போயிருந்தது. டீச்சர் அதைத் தாண்டித் தாண்டி வாசித்துப் பழகி, நல்ல கீபோர்டிலும் அதைத் தொடமாட்டாள்.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே வந்ததும் என் போனை அடுக்கிய நாற்காலிகளின் மேல் வைத்துப் பதிவை ஓட விடுவோம். கிளம்பும்போதுதான் நிறுத்துவோம். எங்கள் நல்ல யோசனைகள் எல்லாம் பாட்டுக்கு நடுவில் வராது, பாட்டை நிறுத்திவிட்டு வெட்டியாக எதையாவது தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வரும். பிறகு நான் உட்கார்ந்து வேண்டியதை மட்டும் வெட்டி எடுப்பேன்.

டீச்சருக்கு அதற்கு வெளியே இன்னொரு கீபோர்டு இருந்தது. அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாரக் கடைசியில் அவர்கள் பிரார்த்தனை மண்டபத்தில் பத்தொன்பது பேர் கொண்ட பாடல் குழுவை நடத்துவார். கணீரென்ற குரல். ஆனால் ஆரம்பச் சுருதி மட்டும் அவருக்குத் தானாகப் பிடிபடாது. பாட்டுக்கு முன்னால் திரும்பி மகளைப் பார்ப்பார், அவள் ஒரு கட்டையை அழுத்துவாள். அதைப் பிடித்துவிட்டால் விடமாட்டார். பாட ஆரம்பிப்பதற்குள் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு, மறுபடி அவளைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் மண்டபத்தில் அந்தக் கீபோர்டு முக்காலியில் உட்கார்ந்து வாசித்தவன் அவள் அண்ணன். ஒருநாள் சாப்பிடும்போது, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொன்னான். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அதோடு சரி. நாலு வருஷமாக அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் போன் செய்தால் அம்மாதான் எடுப்பாள். அந்த முக்காலியில் டீச்சரை உட்கார வைத்தார்கள். தனக்கும் நம்பிக்கை போய்விட்டது என்பதை அவள் இரண்டு வருஷமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

குழுவுக்காக அவள் ஒரு புது மெட்டுப் போட்டிருந்தாள். எல்லோரும் கேட்டுப் பழக ஒரு பதிவு வேண்டும், எங்களோடு வாசித்து அனுப்பலாம் என்றாள். காலை எட்டு மணிக்கு அச்சறையில் கூடினோம். ஒரு தடவை வாசித்தோம், சுமாராக வந்தது. இடைவெளியில் பெரியவர் ஆரம்பித்தான். அவன் படுக்கும் முன் பிரார்த்தனை செய்கிறவன், அதைப் பற்றி வெட்கமே படாதவன்.

"நான் டிரம் வாசிக்கும்போது எண்ணுறது இல்ல. யாரோ உள்ள இருந்து எண்ணிக் கொடுக்கிற மாதிரி இருக்கு. அது யாரு, சொல்லு பாப்போம்."

"உன் மூளைதான். பரீட்சைக்கு வராதது அங்கயாவது வருதே," என்றேன்.

"தெரியாததுக்கெல்லாம் ஒரு பேர் வச்சிட்டா அது பதில் ஆயிடாது," என்றாள் டீச்சர்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. முந்தின நாள் வகுப்பில் குறுக்கு விசாரணை பற்றிப் படித்திருந்தேன், கை அரித்தது.

"சரி, உன்கிட்டயே கேக்கறேன். நீ நம்பறியா, இல்லையா? ஒரே வார்த்தை."

"இல்ல. தெரிஞ்சதுதானே."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா."

"அப்ப வாராவாரம் அங்க போய் உக்காந்து வாசிக்கிறது பொய்தானே? உங்க அப்பாவை ஏமாத்துறதுதானே?"

பெரியவர் குச்சியைக் கீழே வைத்தான். டீச்சர் பதில் சொல்லவில்லை. பிறகு சட்டென்று முதல் சுரத்தை அழுத்தினாள், நாங்கள் வாசிக்க ஆரம்பித்தோம். அந்த இரண்டாவது தடவைதான் அருமையாக வந்தது. கோபத்தில் நன்றாக வாசிப்பாள்.

பத்தரை மணிக்கு எனக்கு ஒப்பந்தச் சட்ட வகுப்பு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மேசைக்கு அடியில் பதிவை வெட்டினேன். நாலு நிமிடப் பாட்டுத் தனியாக வந்தது. அதைப் பாடல் குழுவினரின் போன் குழுமத்துக்கு அனுப்பினேன். பதிவுகளை அனுப்பும் வேலைக்காக என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் டீச்சரின் அப்பாவிடமிருந்து செய்தி: "வந்தது. நீளமாக இருக்கிறதே, மதியச் சாப்பாட்டில் முழுக்கக் கேட்கிறேன்."

நாலு நிமிடம் நீளமா என்று சிரித்துக்கொண்டே திறந்து பார்த்தேன். நாற்பத்தொரு நிமிடம். வெட்டியதை விட்டுவிட்டு வெட்டாததை அனுப்பியிருந்தேன்.

உடனே எல்லோருக்கும் சேர்த்து நீக்கினேன். மற்ற பதினெட்டுப் பேரில் ஒருவரும் அதுவரை திறக்கவில்லை. ஆனால் அப்பாவின் போனில் வருவதெல்லாம் தானாகவே சேமிப்பில் போய் உட்காரும், அதை நீக்க என்னால் முடியாது. வேலை இடத்தில் சிக்னல் இருக்காது என்பதற்காக அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்ததே டீச்சர்தான்.

புள்ளியியல் வகுப்பு வாசலில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "இப்ப மணி என்ன?" என்றுதான் கேட்டாள். பதினொன்றேகால். "பன்னண்டரைக்குத்தான் சாப்பிடுவார். அதுக்குள்ள போயிடலாம்."

போன் அடித்தால் மணி போகவில்லை. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கியிருப்பார். இரண்டு பேருந்து மாறினோம். இரண்டாவது பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று பெருமூச்சு விட்டுப் புறப்பட்டது. வழியெல்லாம் டீச்சரின் வலது கை விரல்கள் முழங்கால் மேல் எதையோ வாசித்தபடி இருந்தன. நான் மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களைத் தயார் செய்து, ஒவ்வொன்றாகக் கைவிட்டேன்.

"அண்ணன் விஷயத்துல, அவர் கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல. எந்திரிச்சுப் போயிட்டார் பாரு, அதான்," என்றாள் இறங்கும்போது.

அது பதினாலு மாடி அலுவலகக் கட்டடம். வரவேற்பில் இருந்தவர், மெக்கானிக் உச்சி மாடியில் மோட்டார் அறையில் இருக்கிறார் என்றார். லிஃப்ட் எங்கே என்று கேட்டேன். "அதைத்தானே அவர் கழட்டி வச்சிருக்கார்," என்றார்.

படியில் ஏறினோம். மணி பன்னிரண்டு இருபத்தைந்து. ஏழாவது மாடியில் எனக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். பதினோராவது மாடியில் யாரோ சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டு இரண்டு பேரும் நின்றோம். அவர் இல்லை. வேறு யாரோ.

மோட்டார் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பா பக்கத்தில் மூடியபடி இருந்தது. கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார், ஆனால் துடைக்கிற ஞாபகம் அதில் இல்லை. காதில் இயர்போன். எங்களைப் பார்த்தார். டீச்சர் வாயைத் திறந்தாள். அவர் ஒரு விரலை உயர்த்தினார், பொறு என்று.

அன்றைக்குச் சீக்கிரமே வேலையை நிறுத்தியிருக்கிறார். புது மெட்டைக் கேட்கும் அவசரம்.

அவர் முழுவதும் கேட்டு முடிக்கும்வரை நாங்கள் நின்றோம். எது ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு இடத்தில் துணி நின்றது, பிறகு மறுபடி அசைந்தது. எனக்கு அந்த அறையின் பல்சக்கரங்களுக்குள் விழுந்துவிடலாமா என்றிருந்தது. கடைசியில் இயர்போனை எடுத்துச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தார்.

"ரெண்டாவது தடவை நல்லா வந்திருக்கு," என்றார்.

"அப்பா..."

"உங்கண்ணன் சொன்னப்ப நான் எந்திரிச்சுப் போயிட்டேன். இப்ப எங்க எந்திரிச்சுப் போறது? பதினாலு மாடி மேல உக்காந்திருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கேட்டது நீங்கதானே? கேள்வி சரிதான். கேட்ட விதம் சரியில்ல." பிறகு அவளிடம், "ஆனா நீ பதிலே சொல்லலையேம்மா. அந்த இடத்துல சத்தமே இல்ல. பதினோரு செகண்டு. திருப்பித் திருப்பிக் கேட்டேன்."

டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீங்க திரும்பி என்னைப் பாப்பீங்க இல்ல," என்றாள். "அதை விட முடியலப்பா. அதுக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

அவர் மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, துடைக்கக் கையில் கிரீஸ்.

"அங்க வாசிக்க அது போதாதும்மா," என்றார். "நம்பாம நீ அங்க உக்கார வேணாம். அது எனக்கும் நல்லதில்ல, உனக்கும் நல்லதில்ல." டப்பாவைத் திறந்தார், மறுபடி மூடினார். "வீட்டுக்குப் போ. சாயங்காலம் வரேன்."

நாங்கள் பதினாலு மாடியும் இறங்கினோம். கீழே வந்ததும் அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளைத் துரத்திவிட்டார் என்றுதான் இருவரும் நினைத்தோம். முக்காலி போனது, அடுத்தது பேச்சு போகும். நான் பக்கத்தில் நின்றேன்.

மறுநாள் குழுமத்தில் அவரிடமிருந்து செய்தி வந்தது: "இனி வாத்தியம் இல்லாமல் பாடுவோம்." காரணம் எழுதவில்லை. கேட்டவர்களுக்கும் சொல்லவில்லை. மகளைப் பற்றி ஒரு எழுத்து வெளியே விடவில்லை. முந்தின சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன பேசினார் என்று டீச்சரிடம் கேட்டேன். "பேசினார்," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே அவள் முகம் மாறியிருந்தது.

வாரக் கடைசியில் காலையில் அவளே கூப்பிட்டாள். "வீட்டுக்கு வா. அப்பா பின்னாடி மண்டபம் வரைக்கும் போய் ரெக்கார்ட் பண்ணிட்டு வா. இந்தத் தடவையும் வெட்டாதே."

நான் போனபோது அவர் வெள்ளைச் சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக, கூடத்தில் இருந்த கீபோர்டு பக்கத்தில் நின்றிருந்தார். திரும்பி மகளைப் பார்த்தார். அவள் ஒரு கட்டையை அழுத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டு அந்தச் சுரத்தை முனகிப் பிடித்தார். பிடித்தபடியே வாசலுக்கு வந்தார். நான் வணக்கம் சொன்னேன். ஒரு விரலை உயர்த்திவிட்டுத் தாண்டிப் போனார்.

மண்டபம் இரண்டு தெரு தள்ளி. போனை நீட்டிப் பிடித்தபடி பின்னால் நடந்தேன். எதிரே வந்த தபால்காரர் நலம் விசாரித்தார், இவர் தலையை மட்டும் ஆட்டினார். பேருந்து ஒன்று காதருகே ஹார்ன் அடித்தது, எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் நடை மாறவில்லை. மூச்சு வாங்கும் இடம் தவிர முனகல் அறுபடவில்லை. மண்டபப் படியில் யாரோ கை கொடுத்தார்கள், கை கொடுத்தார், வாயைத் திறக்கவில்லை. நேரே முன்னால் போய் நின்றார். முக்காலி காலியாக இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தார்.

பதிவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அந்த இடம் வரை ஓடவிட்டு, அப்பாவின் முதல் குரலோடு அதே கட்டையை அழுத்திப் பார்த்தாள். காதைச் சாய்த்தாள்.

"சுருதி ஒரு இழை எறங்கியிருக்கு," என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். "அடுத்த வாரம் கொஞ்சம் வேகமா நடக்கச் சொல்றேன்."

இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. டீச்சர் இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் ஆகி, அப்பா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். வெளியூரில் இரண்டு தடவை பெரிய பதவி வந்தது, வேண்டாம் என்றுவிட்டாள். நம்பிக்கை திரும்பி வரவில்லை, கேட்டால் பட்டென்று இல்லை என்பாள். பெரியவர் வேலை, குழந்தை என்று மாதத்தில் ஒருநாள் பிரார்த்தனைக்குப் போனால் அதிகம். டீச்சர் வாரக் கடைசியில் காலை ஏழே முக்காலுக்கு அப்பா வீட்டுக் கூடத்தில் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஒன்பது வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.