ஹெனகன் நிலம்

அயர்லாந்து முழுக்கத் தேடினாலும் எங்கள் ஃபெஸ்டி லவெல்லைப் போல ஓர் ஒத்தாசைக்காரன் கிடைக்க மாட்டான். மேயோ மாவட்டத்தில் எங்கள் மலையடிவாரத்தில் யார் வீட்டுக்குக் கூரை மாற்றினாலும் முதல் ஆளாக வந்து நிற்பான். வேலை முடிந்து தேநீருக்குக் கூப்பிட்டால் மட்டும், "மாடு கத்தும்" என்று நழுவிவிடுவான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தாலும் மாதா கோயில் கதவோரம்தான் நிற்பான். எழுபது வயசில் இப்படி ஒரு கூச்சமா என்று புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். அது கூச்சமில்லை, தலைகுனிவு. அதுவும் அவன் செய்த காரியத்துக்கு இல்லை.

அவன் தாத்தா காலத்தில் ஜமீன் ஆட்கள் ஹெனகன் குடும்பத்தைக் குத்தகை பாக்கிக்காக வெளியேற்றி, கூரையையும் பிடுங்கிப் போட்டார்கள். அந்த நிலத்தை வேறு யாரும் குத்தகைக்கு எடுக்கக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. ஃபெஸ்டியின் தாத்தா எடுத்தார். ஊரே தள்ளி வைத்தது. கொல்லன் அவர் குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டேன் என்றான். அதெல்லாம் எப்போதோ மாறிவிட்டது, பேர் மட்டும் மாறவில்லை. மூன்று தலைமுறையாக லவெல் வீட்டு மாடு மேய்கிற இடத்துக்கு இன்றைக்கும் ஹெனகன் நிலம் என்றுதான் பேர். பாவம், வேறு பேர் ஃபெஸ்டிக்கே தெரியாது.

போன ஜூனில் அமெரிக்காவிலிருந்து லொரெட்டா என்று ஒருத்தி, கொள்ளுத்தாத்தா ஆந்தனி ஹெனகன் பிறந்த இடத்தைத் தேடிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து என் வாசலுக்கு வந்தாள். ஃபெஸ்டி என் வேலிக்கதவைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"ஹெனகனா? அப்படி யாரும் இங்க இருந்ததில்லையேம்மா," என்றான், சுத்தியலைப் பார்த்தபடியே. "மலைக்கு அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டி வந்தவளை இப்படியா விரட்டுவது? வாயைத் திறக்கப் போனேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

லொரெட்டா முகம் வாடிப்போய்க் காரை நோக்கித் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து, எதிர்ச்சரிவில் ஃபெஸ்டியின் செவலைப் பசு கல்சுவரைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது.

"ஐயோ பிரைடி, சனியன் ஹெனகன் நெலத்துல பூந்துடுச்சு! குளிருக்கு வளத்த புல்லெல்லாம் போச்சு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

கத்திய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

லொரெட்டா ஓடி வந்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "இன்னும் எங்க பேரைச் சொல்லியா கூப்பிடறீங்க? எங்களுக்கே ஊரு பேரு மறந்துபோச்சு. நீங்க எங்களை மறக்கலையே! எவ்வளவு பெரிய மனசுங்க உங்களுக்கு!"

நாலு அறை விட்டிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். காது வரைக்கும் சிவந்துபோனான். கிடைத்த நல்ல பேரை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், நானும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டேன்.  ஆனால் அவன் கைகளை உருவிக்கொண்டு தொப்பியைக் கழற்றினான்.

"பெரிய மனசெல்லாம் இல்லம்மா. எங்களைக் குத்திக்காட்டத்தான் ஊரு அந்தப் பேரை விடாம வெச்சிருக்கு. ஜமீன் உங்க ஆளுங்களைத் தொரத்தினப்போ அந்த நெலத்தை எடுத்துக்கிட்டது எங்க தாத்தா. உங்க வீட்டுக் கல்லுலதான் என் மாட்டுக்கொட்டகை நிக்குது."

அவள் சாலையைக் கடந்து நேராக அந்த நிலத்துக்கு நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பசு பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது.

"மாட்டை ஓட்டுப்பா," என்றேன்.

ஃபெஸ்டி நகரவில்லை. பிறந்ததிலிருந்து நடந்து பழகிய நிலத்தின் வாசலில் தொப்பியும் கையுமாக நின்றுகொண்டு, "நான் உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை; அவனும் வாசலைத் தாண்டவில்லை. மாட்டை நான்தான் போய் ஓட்டிவந்தேன்.