ஒருவருக்கும் தெரியாத கடவுச்சொல்

கிண்ணியாவைச் சேர்ந்த ஸுல்பிகாவுக்கு முப்பத்தாறு வயது. திருகோணமலை நகரத்தில், சைக்கிள் கடையொன்றின் மேல்மாடியில் இயங்கும் சிறிய நிறுவனத்தில் கணினி வேலை பார்க்கிறாள். கணினி வேலை என்றால் பிரிண்டர் திருத்துவது என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்திருந்தார்கள். கலியாண வீட்டில் பந்திக்கு உட்காரும்போதே, “இதில சத்தம் வருதில்ல, ஒருக்காப் பாருங்க” என்று யாராவது போனை நீட்டுவார்கள். இடது கையால் வாங்கிப் பார்த்துச் சரிசெய்து கொடுத்துவிட்டு அவள் சாப்பாட்டைத் தொடருவாள்.

நிறுவனத்தின் முதலாளி ஸைனுலாப்தீன் ஹாஜியார். சல்லி முதல் ஈச்சிலம்பற்று வரை கரையோரத்தில் அவருக்கு ஏழு ஐஸ் அறைகள்; மீனவர்களுக்கு ஐஸ் கொடுப்பதும் அவர்களிடம் வாங்கும் மீனை வைப்பதும் அங்கேதான். ஒவ்வொரு அறையிலும் ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருக்கும். உள்ளே எவ்வளவு குளிர் என்று இரண்டு நிமிடத்துக்கொரு தடவை அளந்து, இணையத்தில் வாடகைக்கு எடுத்த கிளவுட் சேவைக்கு அது அனுப்பும். மீனை வெளிநாட்டுக்கு ஏற்றுகிற கொழும்பு கம்பனி ஒன்று அந்தப் பதிவைப் பார்த்த பிறகுதான் மீனை எடுக்கும்.

ஏழு பெட்டிக்கும், பதிவுகளைப் பார்க்கும் பக்கத்துக்கும், ஐஸ் அறைகளின் வைஃபைக்கும் சேர்த்து ஒரே கடவுச்சொல். அதை வைத்தவர் ஹாஜியார். ஐந்து வருடமாக அது மாறவேயில்லை.

ஒருநாள் ஹாஜியாரின் வான் கராஜில் நின்றதால், மூதூரிலிருந்து அவரும் ஸுல்பிகாவும் பஸ்ஸில் வந்தார்கள். சல்லி ஐஸ் அறையிலிருந்து யாரோ போனில் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை மீறிக் கேட்கவேண்டும் என்பதற்காக ஹாஜியார் குரலை உயர்த்தினார்.

“கொடுவா! மீன், மீன்! கொடுவா மீன்! இங்கிலிசில எழுதுங்க. அதுக்குப் பிறகு நான் பிறந்த வருசம். எந்த வருசமா? ஐம்பத்தெட்டு!”

முன் சீட்டிலிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, “ஹாஜியாரைப் பாத்தா அவ்வளவு வயசு தெரியாதே” என்று புகழ்ந்தார். ஸுல்பிகா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் கொழும்பு கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. கடவுச்சொல் தெரிந்த எவரும் பதிவுகளைத் திருத்தலாம். ஆகவே மாதத்துக்கொரு தடவை அதை மாற்றவேண்டும், மனிதர் எவருக்கும் அது தெரிந்திருக்கக் கூடாது, இல்லாவிட்டால் மீன் எடுக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

ஸுல்பிகாவுக்கு உள்ளுக்குள் சந்தோசம். பள்ளிக்கூடக் கொப்பியொன்றில் படம் கீறிக் கீறி, மூன்று கிழமையில் ஒரு நிரல் எழுதினாள். மாதத்தின் முதல் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அது தானாக எழும்பி, முப்பத்திரண்டு எழுத்தில் ஒரு புதுக் கடவுச்சொல்லை உண்டாக்கும். அதைக் கிளவுட்டிலுள்ள இரகசியப் பெட்டகத்தில், “இன்னும் பாவனைக்கு வரவில்லை” என்ற குறிப்போடு வைக்கும். பிறகு பதிவுகளின் பூட்டை மாற்றும். புதுச் சொல் திறக்கிறதா என்று தானே திறந்து பார்க்கும். திறந்தால் மட்டும் புதியதை நடப்புச் சொல்லாக்கிப் பழையதை ஓய்வுக்கு அனுப்பும்.

எல்லாம் விளங்கிய மாதிரித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த ஹாஜியார் கடைசியில் கேட்டார். “சரி மகள், புதுப் பாஸ்வேர்ட் என்ன?”

“தெரியாது, ஹாஜியார்.”

“எனக்குச் சொல்லமாட்டீங்களா? இது என்ட கம்பனி!”

“எனக்கே தெரியாது.”

“அப்ப ஆருக்குத்தான் தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாது. அதத்தான் அவங்க கேக்கிறாங்க.”

ஹாஜியார் கதிரையில் சாய்ந்தார். “ஒருத்தருக்கும் தெரியாத பாஸ்வேர்ட் எப்பிடி வேலை செய்யும்?”

“பெட்டிக்குத் தேவையெண்டா அது பெட்டகத்துக்கிட்டப் போய்க் கேக்கும். எங்கட பெட்டிதான் எண்டு உறுதியானாப் பெட்டகம் எடுத்துக் குடுக்கும்.”

“நான் போய்க் கேட்டா?”

“நீங்க பெட்டியில்லையே, ஹாஜியார்.”

ஹாஜியார் எழும்பிக் கீழே சைக்கிள் கடைக்குப் போய்விட்டார்.

முதல் புதன்கிழமை வந்தது. பத்து மணிக்கு நிரல் எழும்பி, நாற்பது விநாடியில் வேலையை முடித்தது. ஏழு பெட்டிகளும் புதுச் சொல்லை வாங்கிக்கொண்டு வழக்கம்போல அளந்து அனுப்பின. ஸுல்பிகா மூச்சை விட்டு, தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தாள். அப்போதுதான் திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. யாரோ பழைய கடவுச்சொல்லோடு வந்து தட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு தட்டல். அரை மணித்தியாலத்தில் பதினைந்து தட்டல்கள். எல்லாமே சம்பூர் ஐஸ் அறையின் இணைய இணைப்பிலிருந்து. ஆனால் சம்பூர்ப் பெட்டி ஒழுங்காகப் புதுச் சொல்லைத்தான் பாவிக்கிறது.

“வேற ஆரோ அங்க இருக்கிறாங்க” என்றாள்.

“கள்ளன்!” என்று எழும்பினார் ஹாஜியார். அவர் முகத்தில் ஒரு மாதமாகக் காணாத உற்சாகம். “வானில ஏறுங்க, மகள்.”

கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, அவர்கள் சம்பூருக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். ஐஸ் அறைப் பொறுப்பாளன் ஸப்வான் திறந்த கதவுக்கு முன்னால் தனியாக நின்றான். சாக்குப் போர்த்திய ஐஸ் கட்டிகள் அவனைச் சுற்றி வடிந்துகொண்டிருந்தன.

“பத்தரைக்கே திறந்துட்டன், ஹாஜியார். ஒரு மனுசன் வரல்ல. எல்லாரும் கனகசபை அண்ணர்ர கடையில இருக்கிறாங்க. போன் எடுத்து வாங்க எண்டா, ‘சும்மா கதைவிடாத, இன்னும் மைனஸ் நாலுதான்’ எண்டு வைக்கிறாங்க.”

கனகசபையின் தேநீர்க்கடை எண்பது அடி தூரத்தில் இருந்தது. நடுவில் ஒரு வலைக் கொட்டில் மறைத்ததால் ஐஸ் அறைக் கதவு அங்கிருந்து தெரியாது. கடைக்குள் இருபது மீனவர்கள் கழுத்தை நிமிர்த்திச் சுவரிலிருந்த டிவியைப் பார்த்தபடி இருந்தார்கள். திரையில் ஒரேயொரு எண்: மைனஸ் நாலு. ஸுல்பிகாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அது அவள் உண்டாக்கிய பக்கம். பூட்டு மாறியதால் பத்து மணி எண்ணிலேயே உறைந்து நிற்கிறது.

“ஆர் என்ட பாஸ்வேர்ட்டக் களவெடுத்த?” என்று ஹாஜியார் வாசலில் நின்று கத்தினார்.

கனகசபை தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தவில்லை. “களவோ? நீங்களே தந்திட்டு என்ன கதை ஹாஜியார் இது?”

“நான் எப்ப தந்த?”

“மூதூர் பஸ்ஸில. நான் பின்னுக்கு இருந்தனான். கொடுவா எண்டு ரெண்டு தரம் சொன்னீங்கள். நான் கேக்கேல்லை, அது காதுக்குள்ள வந்தது. வருசத்தையும் நீங்கள்தான் சொன்னீங்கள். அதைப் போட உங்கட வைஃபையும் திறந்துது, இந்தப் பக்கமும் திறந்துது.”

இருபது பேரும் சிரித்தார்கள். ஹாஜியார் ஸுல்பிகாவைப் பார்த்தார். அவள் டிவியைப் பார்த்தாள்.

“ஏன் அண்ணை இதைப் போட்டு வச்சிருக்கிறீங்க?” என்று அவள் கேட்டாள்.

“பிள்ளை, முந்தி ஐஸ் எப்ப தருவினம் எண்டு தெரியாமல் சனம் வெயிலுக்க காஞ்சுகொண்டு நிக்கும். இப்ப இந்த எண் மேல ஏறினால் கதவு திறந்தாச்சு எண்டு விளங்கும். இறங்கினால் பூட்டியாச்சு. போன வெள்ளி கதவு பூட்டியும் எண் இறங்கேல்லை. கதவு றப்பர் பிஞ்சு போச்சு எண்டு நாங்கள்தான் ஸப்வானுக்குச் சொன்னனாங்கள்.”

பின்னாலேயே வந்து நின்ற ஸப்வான் நிலத்தைப் பார்த்தான்.

ஸுல்பிகா மறுபடி டிவியை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய எண்களைக் கொழும்பில் யாரோ மாதமொருமுறை மேலோட்டமாகப் பார்ப்பதாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். இங்கே இருபது பேர் அதை வரி வரியாக வாசிக்கிறார்கள். தான் எழுதிய கடிதத்தை ஊரே கூடிப் படிப்பதைப் பார்த்தவள் போல நின்றாள்.

கதவு பத்தரைக்கே திறந்தது என்று தெரிந்ததும் மீனவர்கள் ஐஸ் எடுக்க ஓடினார்கள். அவள் மடிக்கணினியைத் திறந்து, தேநீர்க்கடைக்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டாக்கினாள். அதால் பார்க்க மட்டும் முடியும்; ஒரு எண்ணையும் திருத்த ஏலாது. அதன் கடவுச்சொல்லையும் மாதாமாதம் மாற்றும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தாள். புதுச் சொல்லைத் தானாகவே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளக் டிவியோடு பொருத்தியிருந்த கடையின் பழைய கணினிக்கும் வழி செய்து கொடுத்தாள்.

ஹாஜியார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். “மகள், இது சின்னப் பாஸ்வேர்ட்தானே. இதையாவது ஒருக்காக் காட்டுங்க.”

அவருடைய முகத்தைப் பார்க்க ஸுல்பிகாவுக்குப் பாவமாக இருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிற குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

“பெரிய கே… சின்ன கியூ… ஏழு… ஆச்சரியக்குறி… பெரிய டபிள்யூ…”

கனகசபை காதில் செருகியிருந்த பேனையை எடுத்தார். பத்தொன்பதாம் எழுத்தில் ஸுல்பிகா கையை நீட்டி ஒரு விசையைத் தட்டினாள். நிரல் ஓடியது.

“போதும், ஹாஜியார். அது பழசாப் போச்சு.”

“இன்னும் வாசிச்சு முடிக்கல்லையே!”

“ஓம். அதுக்குள்ள மாறிட்டு.”

ஹாஜியார் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்ததும், தனக்கும் ஒரு பிளேன்டீ போடச் சொன்னார்.

கொழும்பு கம்பனி சோதனைக்கு அனுப்பிய அதிகாரி இரண்டு நாள் நோண்டிப் பார்த்தும் குறை பிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஹாஜியார் போகிற கூட்டமெல்லாம், “என்ட கம்பனி பாஸ்வேர்ட் எனக்கே தெரியாது, தெரியுமா?” என்று பெருமை பேசுகிறார். நகரத்தில் இன்னும் இரண்டு நிறுவனங்கள் ஸுல்பிகாவைக் கூப்பிட்டு அதே வேலையைச் செய்வித்தன.

அவளுடைய கணவன் நிப்றாஸ் இதையெல்லாம் அயலவர்களுக்குத் தன் பாணியில் விளங்கப்படுத்தினான். அதன் பலனாக ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு ஜெஸ்மின் ஓடிவந்தாள். அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும் கூப்பிடுவது அவர்கள் வழக்கம்.

“தாத்தா, பின்னேரம் கலியாணத்துக்குப் போகணும். சாரி பூட்டின அலுமாரிக்குள்ள, திறப்பக் காணல்ல. நீங்க மாசாமாசம் பூட்டு மாத்துறவ எண்டு நிப்றாஸ் நானா சொன்னாரு.”

அது வேறு பூட்டு என்று விளங்கப்படுத்த ஸுல்பிகாவுக்குத் தெம்பில்லை. போய்ப் பார்த்தாள். பூட்டில் கை வைக்கவேயில்லை. இருவருமாக அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்தார்கள். பின்பலகையின் ஆறு திருகாணிகளையும் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி, சாரியை எடுத்துக் கொடுத்தாள். ஜெஸ்மின் இனிப்புக்கு வட்டிலாப்பம் வைத்தாள். ஸுல்பிகா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

தொலைந்த திறப்பு இன்னும் கிடைக்கவில்லை. ஜெஸ்மின் இப்போதும் அந்த அலுமாரியைப் பின்பக்கத்தால்தான் திறக்கிறாள்.